‘நன்றாகத்தானே இருக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா?’

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 36. கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை என்று விவசாயம் செய்கிறேன். மூன்று மாதம் விடாமல் இருமினேன். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் வேர்வை. களத்துத் தூசிதான் காரணம் என்று நினைத்து இருந்துவிட்டேன். கடைசியில் சளியைச் சோதித்து, நுரையீரலில் டி.பி. என்றார்கள். மாத்திரை ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது இருமல் இல்லை, பசி எடுக்கிறது, இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். ஆனால் காலையில் மாத்திரை போட்டால் மதியம் வரை குமட்டல். குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்க முடியவில்லை. அறுவடைக்கு இன்னும் ஐந்து வாரம்தான். அந்த ஒரு மாதம் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாமா?

இன்னொன்று. முதல் நாளே அம்மா எனக்கு மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுவிட்டார். தட்டு, தம்ளர் எல்லாம் தனி. மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம். இரண்டு பேரையும் கிட்டே விடுவதில்லை. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று மனைவிக்குப் பயம். எப்போதும் மாறி மாறி ஒருவர் வயலில் ஒருவர் வேலை செய்யும் நாலைந்து குடும்பங்கள் இந்த முறை எங்களைக் கூப்பிடவில்லை. நோய் மாட்டிடமிருந்து வந்தது என்று வேறு ஊரில் பேச்சு. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் என்ன, ஒரு வாரம்கூட வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பதில் அவசரமான கேள்வி இதுதான் என்பதால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

கோரை முளைத்த நிலத்தை உங்களுக்குத் தெரியும். மேலே இருப்பதை அரிந்து போட்டால் நிலம் சுத்தமாகத் தெரியும். அடியில் கிழங்கு கிடக்கும். ஈரம் பட்டதும் முன்னைவிட அடர்த்தியாக எழுந்து வரும். உங்கள் நுரையீரலில் இப்போது இருப்பது அந்த நிலைதான். வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவு செத்துவிட்டன. அதனால்தான் இருமல் நின்றது, காய்ச்சல் விட்டது, பசி வந்தது. ஆனால் பெருகாமல் தூங்கிக் கிடக்கும் கிருமிகள் சில இருக்கின்றன. மாத்திரை அவற்றை லேசில் தொடுவதில்லை. அவை கண் விழிக்கும்போது மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதம் என்று கணக்கு வைத்திருப்பது இந்தக் கிழங்குகளுக்காக. உடம்பு நன்றாகத் தோன்றுவதற்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். ஒரே பூச்சிமருந்தை அரைகுறையாக அடித்துக்கொண்டே இருந்தால் பூச்சி சாகாமல் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டி.பி. மருந்து வந்த புதிதில் அதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள், எடை போட்டார்கள். சில மாதத்தில் பலருக்கு அந்த மருந்தே வேலை செய்யாமல் போனது. ஒன்றுக்கு நாலாக மருந்து கொடுக்கும் வழக்கம் அந்த அடியிலிருந்து பிறந்தது. மருந்துக்குப் பழகிய டி.பி.க்கும் இன்று வைத்தியம் இருக்கிறது, முன்புபோல ஒன்றரை வருடம், இரண்டு வருடம் எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. ஆனால் அந்த மருந்துகளின் பக்கவிளைவோடு ஒப்பிட்டால் உங்கள் காலைக் குமட்டல் ஒன்றுமே இல்லை. அதைவிட, அப்படிப் பழகிய கிருமியை நீங்கள் இருமினால் உங்கள் பிள்ளைகளுக்குப் போகப்போவதும் அதே கிருமிதான்.

சரி, அறுவடைக்கு என்ன வழி? இங்கே உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மாத்திரை கொடுத்தவர்கள் ஏனோ இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சாதாரண டி.பி.க்கான ஆறு மாத வைத்தியத்தில் முதல் இரண்டு மாதம்தான் நாலு மருந்தும் சேர்ந்து வரும்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால். இரண்டு மாதம் முடிந்ததும் பைரசினமைட் நின்றுவிடும். குமட்டலுக்கும் மூட்டுவலிக்கும் பெரும்பாலும் அதுதான் முதல் காரணம். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர் அறுக்கப் போகும்போது நீங்கள் பன்னிரண்டாவது வாரத்தில் இருப்பீர்கள். நிறுத்தலாமா என்று நீங்கள் யோசிக்கிற அந்தக் கஷ்டமான கட்டம் அதற்கு முன்பே தாண்டிப் போயிருக்கும்.

அதுவரைக்கும் மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். காலையில்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டம் இல்லை. தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போட்டுக்கொண்டால் குமட்டலைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாம். வெறும் வயிற்றில் போடுவது மருந்து உடம்பில் சேர நல்லது. அதற்காக, வயிறு தாங்காவிட்டால் மாத்திரையையே விட்டுவிடாதீர்கள். லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். வயிற்றெரிச்சலுக்கு மருந்து குடிக்கிற பழக்கம் இருந்தால் அதற்கும் டி.பி. மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நேரம் மாற்றுவதை உங்கள் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள். மறந்ததையும் மறைக்காதீர்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களைப்போல ஒரு விவசாயியிடம், "ஆறு மாதம் நல்ல ஓய்வு எடுங்கள், வெயிலில் இறங்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆறு மாதம் நிலத்தில் இறங்காமல் இருக்க அவரால் முடியாது. இறங்கிய பிறகு மாத்திரை வாங்க என் முகத்தில் விழிக்க வெட்கம். வரவே இல்லை. அடுத்த முறை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து நான் யாரிடமும் வேலையை விடுங்கள் என்று சொல்வதில்லை. உங்கள் காய்ச்சல் விட்டிருக்கிறது, எடை ஏறுகிறது, மூச்சு வாங்கவில்லை என்றால் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பலாம். முதலில் காலை வெயிலுக்குள் முடிகிற வேலை. மூட்டை தூக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ காய்ச்சல் திரும்பினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

குமட்டல் என்று எழுதியிருப்பதால் கல்லீரல் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். வேர்வைகூடச் சட்டையில் கறை போடும். அது ஆபத்து இல்லை, மருந்து உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும் சிறுநீர் கெட்டியான மஞ்சளாகும். மஞ்சள் காமாலையிலும் நிறம் மாறும். இந்த மூன்றையும் வயலில் நிற்கும் ஒருவர் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? மாத்திரை போட்ட சில மணி நேரம் ஆரஞ்சாக இருந்து, அடுத்த மாத்திரைக்குள் வெளுத்தால் அது மருந்து. நிறையத் தண்ணீர் குடித்ததும் சரியானால் அது வெயில். நாள் முழுக்கக் கடுந்தேநீர் நிறத்தில் போய், கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பாகி, வாந்தியும் வந்தால் அடுத்த மாத்திரை போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். நீங்களாக நிறுத்தலாம் என்று நான் சொல்வது இந்த மாதிரி அபாய அறிகுறிகளுக்கு மட்டும்தான், அதுவும் டாக்டரைப் பார்க்கும் வரைக்கும். உங்கள் குமட்டல் மதியத்தில் விட்டுவிடுகிறது, பசிக்கவும் செய்கிறது என்பதால் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆனாலும் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த ஆறு மாதம் சுத்தமாக விட்டுவிட வேண்டும். அறுவடை முடிந்த சந்தோஷத்துக்கும் வேண்டாம். பீடி, சிகரெட்டும் அப்படியே. வயலுக்குப் பூச்சிமருந்தடிக்கும் வேலையை இந்த ஆறு மாதம் வேறு யாரிடமாவது விடுங்கள்.

பார்வை மங்கினால், முக்கியமாகப் பழுத்ததற்கும் காய்க்கும் நிறம் பிரிக்கத் தடுமாறினால், அது எத்தாம்புட்டாலாக இருக்கலாம். உடனே சொல்லுங்கள். உள்ளங்கால் மதமதப்பு ஐசோனியசிட்டால் வருவது. வைட்டமின் பி6 மாத்திரையில் சரியாகும். வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறவருக்கு முள் குத்தியதே தெரியாமல் போகும் என்பதால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

இனி மாட்டுக் கொட்டகை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்தக் கட்டில்தான். டி.பி. காற்றில்தான் பரவும். நோய் இருப்பவர் இருமும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், அதை இன்னொருவர் மூச்சில் இழுக்க வேண்டும். தட்டு, தம்ளர், துணி, படுக்கை, கைகுலுக்கல் இவற்றால் பரவாது. அம்மா தனியாக வைத்திருக்கும் தட்டு யாரையும் காப்பாற்றவில்லை. உங்களுக்கு அவமானத்தைத்தான் பரிமாறுகிறது. வெயில் படும் திறந்தவெளியில் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. மருந்து சரியாக வேலை செய்தால் இரண்டு வாரத்திலேயே பெரும்பாலானவர்கள் நோயைப் பரப்புவது நின்றுவிடுகிறது. நீங்கள் ஏழாவது வாரத்தில் இருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: முதலில் சளி எடுத்தபோது ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதித்தார்களா, முடிவு என்ன? எதிர்ப்பு இல்லை என்றால் தாராளமாக வீட்டுக்குள் வாருங்கள். எட்டாவது வாரச் சளிப் பரிசோதனை வரும்வரை ஜன்னல் திறந்த அறையில் படுங்கள், இருமல் வந்தால் துண்டால் வாயை மூடுங்கள். அது போதும்.

இது என் சொந்த அபிப்பிராயம் என்று அம்மா நினைக்கக் கூடாது. 1950-களில் அன்றைய மதராசில் டி.பி. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதி சானடோரியம் என்ற டி.பி. மருத்துவமனையில், நல்ல சாப்பாடும் முழு ஓய்வுமாக. மறு பாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. இருவருக்கும் மருந்து ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது. குணமானவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதையும் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு முக்கியமான காரணம். உலகமே கைவிட்ட தனிக்கட்டிலை உங்கள் வீட்டில் இன்னும் விரித்து வைத்திருக்கிறீர்கள். அம்மாவைக் கோபிக்காதீர்கள். மருந்து இல்லாத காலத்து மனிதர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது இதை அவர் வாயால் அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். மகன் சொல்வதைவிட அது எடுபடும்.

ஆனால் வீட்டில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வைத்தியத்துக்கு முந்தைய அந்த மூன்று மாதம், இருமிக்கொண்டே எல்லோரோடும் ஒரே கூரையின்கீழ் படுத்திருந்தீர்களே, பரவியிருந்தால் அப்போது பரவியிருக்கும். இப்போது கொட்டகைக்குப் போனதால் அது திரும்பப் போவதில்லை. அதனால் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது மிக அவசரம். அவர்களுக்கு நோய் பிடித்தால் மூளைக்காய்ச்சல் வரை வேகமாகப் போகும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி அதைப் பெருமளவு தடுக்கும், முழுதாக இல்லை. பரிசோதித்து நோய் இல்லை என்று தெரிந்தால் வராமல் தடுக்கிற மாத்திரை கொடுப்பார்கள். நல்ல பிள்ளைக்கு எதற்கு மாத்திரை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தாய்ப்பாலில் டி.பி. பரவாது. மனைவிக்கே டி.பி. இருந்தாலும், மருந்து சாப்பிட்டுக்கொண்டே, டாக்டர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கத்தான் சொல்வோம். பயத்தில் பாலை நிறுத்தியிருந்தால் இன்றே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். டி.பி. வந்த எல்லோருக்கும் பார்ப்பதுதான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மாட்டின் மேல் பழி போடுவது பற்றி. மாட்டு டி.பி. என்று ஒன்று நிஜமாகவே உண்டு. அதன் கிருமி உங்கள் கிருமிக்கு உறவுக்காரன். காய்ச்சாத பால் வழியாக மனிதனுக்கு வரும், வந்தால் பெரும்பாலும் கழுத்தில் கட்டியாகவோ குடலிலோ வரும். நுரையீரல் டி.பி. பெரும்பாலும் மனிதனிடமிருந்து மனிதனுக்கு வந்ததுதான். அதுவும் எப்போது உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பல வருடம் தூங்கிவிட்டு எழுந்திருக்கலாம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். மெலிந்துகொண்டே போகிற, இருமுகிற மாடு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சாத பால் குடித்து வளர்ந்திருந்தால் உங்கள் டாக்டரிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் மாட்டு வகைக் கிருமிக்குப் பைரசினமைட் வேலை செய்யாது. அபூர்வமாக மனிதனிடமிருந்து மாட்டுக்கும் போனதுண்டு. கொட்டகையை நோயாளிக்கு ஒதுக்குவது மாட்டுக்குச் செய்கிற நியாயமும் இல்லை பாருங்கள்.

பக்கத்து வயல்காரர்களை எப்படிச் சரிக்கட்டுவது என்பதற்கு என்னிடம் மாத்திரை இல்லை. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது, அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. உங்களைக் கூப்பிடாத நாலைந்து குடும்பத்திலும் அப்படிச் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. புள்ளிவிவரம் சொல்லி யாரும் மனசு மாறியதில்லை என்பது வேறு விஷயம். என் அனுபவத்தில் ஒரு காகிதம் வேலை செய்யும்: ‘சளியில் கிருமி இல்லை’ என்று எழுதிய முடிவுச் சீட்டு. அது கைக்கு வந்ததும், அந்தக் குடும்பங்களில் எது உங்களுக்கு நெருக்கமோ அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போய்ப் பேசுங்கள். எல்லோரையும் கூட்டி விளக்கம் சொல்ல வேண்டாம். ஒருவர் வந்து வரப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தாமாக வருவார்கள். அவர்கள் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், தூசி என்று உங்களைப்போல் மூன்று மாதம் இருந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல அந்த ஊரில் உங்களைவிடத் தகுந்த ஆள் இல்லை.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட் கிராமங்களில் டி.பி. நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சத்தான உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் இறப்பு மிகவும் குறைவாக இருந்தது. கூடுதல் உணவு கிடைத்த குடும்பத்தாரில் புதிதாக டி.பி. வந்தது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. சத்தானதை உங்கள் தனித்தட்டில் மட்டும் வைக்காமல் மொத்த வீடும் சாப்பிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பருப்பு, முட்டை, பால் என்று எது கைக்கு எட்டுகிறதோ அது. விலை உயர்ந்த சத்துமாவு டப்பா எதுவும் தேவையில்லை. மாதம் ஒரு முறை எடை பாருங்கள், இரண்டு கிலோ என்பது நல்ல ஆரம்பம். மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் ஏற்றத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் எட்டாவது வாரச் சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும், எதையும் சாப்பிடாமல், வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுங்கள். இருமல் நின்றுவிட்டதால் சளி வருவது கஷ்டமாக இருக்கும், எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வரவே இல்லை என்றால் வரவில்லை என்று சொல்லுங்கள். போகும்போது மனைவியையும் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள். ஒரே நடையில் எல்லோருக்கும் பரிசோதனை முடிந்துவிடும்.